மாடியில் மட்டும் ஏன் குளிர்?

குளிர் நாட்டிலுள்ள மகளுக்குப் பிரசவம் பார்க்கப் புறப்படும் தாய்மார்கள் சுக்கு, ஓமம், பூண்டு லேகியம் என்று எல்லாவற்றையும் மறக்காமல் பெட்டியில் வைக்கிறோம். அந்த வீட்டைச் சூடு பண்ணுகிற சாதனத்தைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. "அதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறோம். அவர் ஆபீஸ் போனபின் பகல் முழுக்க வீட்டில் இருக்கப் போவது நாமும் தாயும் சேயும்தானே?

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான் ஏற்பாடு: நிலவறையில் ஒரு பாய்லர். அதில் சுட்ட தண்ணீர் குழாய் வழியே ஓடி, சுவரோரம் இருக்கும் ஹீட்டர்களைச் சூடாக்கும். கீழ்த்தளம் ஒரு பகுதி, மாடி ஒரு பகுதி. இதை 'ஜோன்' என்பார்கள். ஜோனுக்கு ஒரு தெர்மோஸ்டாட் சுவரில் இருக்கும்; குழாயில் ஒரு வால்வு இருக்கும். மாடி தெர்மோஸ்டாட் சூடு கேட்டால் மாடி வால்வு திறக்கும், பாய்லர் எரியும். இப்போது வருகிற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைக் கைபேசியிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம்.

இரண்டு ஜோன் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது சாட்சி சொல்லும். இரண்டுமே சில்லிட்டால் முதலில் பாய்லரையும் மின்சாரத்தையும் சந்தேகிக்கலாம். கீழே கதகதப்பாக இருந்து மாடி மட்டும் சில்லிட்டால், கோளாறு பெரும்பாலும் மாடிக்குரிய தெர்மோஸ்டாட், ஒயர், வால்வு, குழாய் இவற்றில்தான் இருக்கும்.

என் மகள் வீட்டில் காலை 10 மணிக்கு மேல் மாடி குளிர ஆரம்பிக்கும். பேரனுக்கு அப்போது 18 நாள். "அம்மா, ரூம் ஐஸா இருக்கும்மா" என்பாள். சாயந்திரம் மாப்பிள்ளை வந்ததும் தானாகச் சரியாகிவிடும்! மெக்கானிக் வந்து பார்த்தார், எதிலும் பழுதில்லை. பிறகுதான் விஷயம் விளங்கிற்று. தெர்மோஸ்டாட்டில் சேர்த்திருந்தது மாப்பிள்ளையின் கைபேசி ஒன்றைத்தான். அது வெளியே போனதும், வீட்டில் யாராவது நடமாடுகிறார்களா என்று யந்திரம் பார்க்கும். கீழே நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்ததால் கீழ்த்தளம் தப்பித்தது. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தாயும் சேயும் தூங்க, "ஆளில்லை" என்று சூட்டைக் குறைத்துவிட்டது. தூங்குகிற பிள்ளைத்தாய்ச்சி அதன் கணக்கில் வரவேயில்லை!

ஆகவே சகோதரிகளே, இந்த வரிசைப்படி பாருங்கள்.

முதலில் திரை. இருண்டிருந்தால் பாட்டரியோ மின்சாரமோ இல்லை. தொடர்ந்து மின்சாரம் தரும் 'சி' ஒயர் இணைக்காத வீடுகளில் பாட்டரி சீக்கிரம் தீருவதுண்டு. அதைச் சேர்ப்பது தெரிந்தவர் வேலை.

திரையில் 'அவே' அல்லது 'ஈகோ' என்று இருந்தால், எங்கள் வீட்டுக் கதைதான். குழந்தை வளரும்வரை அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது ஆள்மாறாட்டம். மாடியை 3 டிகிரி கூட்டி, கீழே குறைத்துவிட்டு அரைமணி பொறுங்கள். கீழ் ஹீட்டர் சுட்டால் பெயரோ ஒயரோ மாறியிருக்கிறது. சூடு கேட்பதாகத் திரை காட்டியும் மாடி ஹீட்டர் சுடவில்லையா? வால்வு திறக்கவில்லை, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. குறைத்து வைத்தும் சூடு நிற்கவில்லை என்றால் வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். இதற்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாய்லரில் நாமே கைவைக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட் மேல் வெயிலோ விளக்கின் சூடோ பட்டால், அறை சூடாகிவிட்டதென்று ஏமாந்துபோகும். ஹீட்டரை சோபாவும் திரைச்சீலையும் மறைத்தாலும் சூடு பரவாது. வைஃபை போய்விட்டால் பதற வேண்டாம்; சுவரிலேயே கையால் கூட்டலாம்.

குளிருக்குப் பயந்து அறையை அடுப்பாக்கிவிடவும் கூடாது. கைக்குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும் என்கிறது இங்கிலாந்தின் லல்லபி டிரஸ்ட். அமெரிக்கத் திரையில் அது சுமார் 61 முதல் 68 ஃபாரன்ஹீட். கைகால் சற்றுச் சில்லென்றிருப்பது சகஜம். மார்பிலோ பிடரியிலோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். நம் ஊர் வழக்கப்படி தூங்கும் குழந்தைக்குக் குல்லாய் மாட்டுவது, கம்பளியைத் தளரப் போர்த்துவது இரண்டும் வேண்டாம். சூடு வரவில்லையே என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷம். அதைக் கண்டு அலறும் கருவி தளத்துக்கு ஒன்று இருக்கட்டும்.

போய் இறங்கிய மறுநாளே மாப்பிள்ளையிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த தெர்மோஸ்டாட் எந்தத் தளத்துக்கு? கையால் கூட்டுவது எப்படி? மெக்கானிக் நம்பர் என்ன? அப்படியே மகளின் கைபேசியையும் உங்கள் கைபேசியையும் வீட்டு ஆட்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். சங்கோஜப்பட இதில் ஒன்றுமில்லை.