பக்கத்தில் பல்கலைக்கழகம், பாதையில் பூட்டு!



உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பேசிப் பழகிய நாடு இது. அந்த உப்பை, உச்சி வெயிலிலே, உள்ளங்கால் வெடிக்க நின்று வாரித் தருகிறார்களே மரக்காணத்து உழைப்பாளிகள், அவர்தம் பிள்ளைகளின் உயர்கல்வி பற்றி எண்ணிப் பார்த்ததுண்டா?

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலே தெற்கே சென்றால் காலாப்பட்டு. நாடாளுமன்றச் சட்டத்தால் 1985இல் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. மைய அரசின் பணத்திலே, அதாவது உப்பளத் தொழிலாளி சோப்பு வாங்கும்போதும் செலுத்துகிற வரியிலே நடப்பது அது! ஆனால், பன்னிரண்டாம் வகுப்பில் நம் மாணவன் பெற்ற மதிப்பெண் அங்கே இடம் வாங்கித் தராது. மையப் பல்கலைக்கழகங்களின் இளநிலை வகுப்புகளுக்கு 2022இல் வந்து சேர்ந்தது, ‘கியூட்’ எனும் பொது நுழைவுத் தேர்வு!

அதே 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு மற்றொன்றும் செய்தது. வெளிநாட்டு மாணவர்க்கென 25 விழுக்காடு வரை கூடுதல் இடங்களை உருவாக்கலாம் என்றது. அவர்கள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. தம் நாட்டிலே பெற்ற கல்வித் தகுதி போதும்.

அயல்நாட்டார்மீது நமக்குப் பகையில்லை. வரட்டும், கற்கட்டும், நம்மோடு பழகட்டும்! அவர்கள் பெறுவது கூடுதல் இடம். நம் இடத்தைப் பறிக்கவுமில்லை. நாம் கேட்பது ஒன்றே: அவர்களின் பள்ளிச் சான்றை நம்புகிறவர்கள், நம் பள்ளிச் சான்றை நம்ப மறுப்பதேன்? கடல் கடந்து வந்தால் தகுதி. கடற்கரையிலிருந்து வந்தால் ஐயமா?

“வினாத்தாள் தமிழிலும் உண்டே!” என்பர். உண்டு. மொழி தமிழ், பாடத்திட்டமோ மைய வாரியப் பள்ளிகளுடையது! நம் பாடநூலைப் படித்தவன் வேறொரு நூலுக்குப் பயிற்சி தேட வேண்டும். பயிற்சிக்குப் பணம் வேண்டும். தேர்வு நடப்பதோ கோடையிலே, உப்பு விளைச்சல் உச்சத்தில் இருக்கையிலே, வீட்டுக்கு ஒவ்வொரு கையும் தேவைப்படுகிற வேளையிலே!

1953இல், அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்றது அன்றைய அரசு. குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம். மறு ஆண்டே மறைந்தது திட்டம். உப்பளத்துச் சிறுவன் உப்பளத்துக்கே திரும்பட்டும் என்று அன்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்று சொல்லவில்லை, தேர்வு வைக்கிறார்கள்!

மாற்றுவழி இல்லையா? உண்டு. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006இல் சட்டமியற்றி ஒழித்த மாநிலம் இது. நீட் தேர்வை விலக்க இயலாத நிலையிலும், மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவர்க்கென 2020இல் ஒதுக்கியதும் இதே மாநிலம். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பள்ளி மதிப்பெண்ணே வாயில் திறக்கிறது. திண்டிவனத்தில் திறக்கும் கதவு காலாப்பட்டில் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்?

‘கியூட்’ வேண்டாமென 2022 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் மட்டும் பூட்டைத் திறக்காது. படித்த இளைஞர்களே! பூட்டு உடையும்வரை வாளாவிருக்கவும் வேண்டாம். உப்பளத்து ஊர்களுக்குச் செல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பித் தாருங்கள். மாலையிலே பாடம் நடத்துங்கள். கதவைத் தட்டும் கைகள் பெருகட்டும். பூட்டியவர்கள் பதில் சொல்லட்டும்!