அம்பதா, அறுபதா?

நம் ஊர் கரன்ட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, போய்விடும். ஒரு நல்ல பழக்கமும் உண்டு. இருக்கிற வரைக்கும் செகண்டுக்கு 50 சுற்று என்று ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். அமெரிக்காவில் இது 60.

அந்தக் கால டி.வி. இன்ஜினீயர்கள் கரன்ட்டோடு சண்டை வேண்டாம் என்று படத்தையும் அதே கணக்கில் அனுப்பினார்கள். 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி வந்தபோது செகண்டுக்கு 50 அரைப்படம், சேர்த்தால் 25 முழுப்படம். சினிமாவோ 24. அந்த ஒரு படத்துக்காக சினிமாவைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிஷம் முன்னாடியே முடிந்துவிடும். (அந்த ஆறு நிமிஷத்தை விளம்பரம் சாப்பிட்டது தனிக் கதை.)

இன்றைக்கும் நம் நாட்டு கிரிக்கெட் ஒளிபரப்பு 50 கணக்குதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு 60-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். தகராறு இங்கேதான் ஆரம்பம்.

கூடுவாஞ்சேரியில் எங்கள் மாடியில் ரிடையரான ஒரு சார் இருக்கிறார். 55 இன்ச் 4கே டி.வி. வாங்கி, மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரை அதில் மாட்டியிருந்தார். பாட்டு, பழைய படம், மேட்ச் எல்லாம் அதில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"தம்பி, ஸ்கோர் பாதிதான் தெரியுது. மவுஸ் இழுத்தா பின்னாடியே நொண்டிக்கிட்டு வருது. பந்து தத்தித் தத்திப் போகுது. பத்து ஓவர் பார்த்தா தலைவலி."

பார்க்க வந்த மெக்கானிக் புது கார்டு போடணும், ஒன்பதாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். சாரின் கவலை அதுவல்ல. குரலைத் தணித்து, "போன மாசம்தான் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. அதுதான் சரியா ஆகலையோன்னு... வீட்ல சொல்லலை" என்றார்.

"மவுஸ் எனக்கும்தான் நொண்டுது சார்" என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் பாதித் தலைவலி போய்விட்டது.

முதலில் ஸ்கோர். பழைய பிக்சர் ட்யூப் டி.வி.க்களில் ஓரம் கோணலாக இருக்கும் என்று படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைப்பார்கள். ட்யூப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டி.வி. மெனுவில் படத்தின் அளவு என்கிற இடத்தில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அதைப் போட்டதும் ஸ்கோர் முழுசாக வந்தது.

அடுத்தது நொண்டி. கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்ப் பார்த்தால் 3840 பெருக்கல் 2160, 30 ஹெர்ட்ஸ். காரணம் எளிது. 2009-ல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4 வகை, 4கே படத்தை 30-க்கு மேல் தள்ளாது. 60 வேண்டுமென்றால் 2013-ல் வந்த 2.0 வேண்டும். வேகப் பந்து கையிலிருந்து மட்டைக்கு வர ஏறக்குறைய அரை செகண்ட். 50 கணக்கில் அது 25 படம். 30 ஹெர்ட்ஸில் கண்ணுக்கு வருவது 15. மிச்சம் பத்து நடு பிட்ச்சில் காணாமல் போகிறது. தலை வலிக்காமல் என்ன செய்யும்?

கார்டு வாங்கலாம். அல்லது கௌரவத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 1920 பெருக்கல் 1080 என்று மாற்றினேன். புள்ளிகள் 83 லட்சத்திலிருந்து 21 லட்சத்துக்கு இறங்கின, சரியாகக் கால் பங்கு. பத்தடி தள்ளி சோபாவில் இருக்கிறவருக்கு மேட்ச்சில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பதிலுக்கு 50, 60 இரண்டுமே பட்டியலில் வந்துவிட்டன.

60 போடக் கூடாதா? போடலாம். ஆனால் 50 படத்தை 60-ல் நிரப்ப, ஐந்தில் ஒரு படத்தை இரண்டு தடவை காட்டியாக வேண்டும். பந்து லேசாகத் திக்கும். மேட்ச்சுக்கு 50 போட்டேன், வழுக்கிக்கொண்டு போனது. சினிமாவுக்குப் பட்டியலில் 24 இருந்தால் அதுதான் உத்தமம்.

செலவு, ஒரு டம்ளர் காபி. அதுவும் அவருடையது.

நீங்கள் மாற்றும்போது திரை கறுப்பாகிவிட்டால் பயப்படாதீர்கள். எதையும் தொடாமல் 15 செகண்ட் கை கட்டி உட்கார்ந்தால் விண்டோஸ் தானாகவே பழையபடி திரும்பிவிடும். ஆண்களுக்கு இதுதான் கஷ்டமான கட்டம்.

வீட்டில் பெரியவர்கள் டி.வி. பார்த்தால் தலை வலிக்கிறது என்றால் கண் டாக்டரிடம் கட்டாயம் கூட்டிப்போங்கள். கிளம்புவதற்கு முன் அந்த ஹெர்ட்ஸையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.