வேட்டியில் விழுந்த பூ
பங்குனிக் கடைசியில் அறந்தாங்கி கடைத்தெருவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. கழுவிக் கழுவிப் பத்து வருஷம் கட்டலாமாம். வாடவே வாடாத மாவிலைக்கு வாசலில் என்ன வேலை? சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் பழைய கணக்கு. அதை வரவேற்க எங்கள் அப்பத்தா சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் ராத்திரியே வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிடுவார். விடிந்ததும் உதிர்ந்து கிடக்கும் பூவைத் தூசி போகப் புடைத்து, நெய்யில் கருகாமல் வறுத்து, வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடியில் தூவுவார். மாவிலை நுனியை மடித்துத் தென்னை ஈர்க்கால் குத்திக் கயிற்றில் கோப்பது பிள்ளைகள் வேலை. நான் குத்தியதில் பாதி கிழிந்திருக்கும், அப்படியேதான் தொங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையோடு அந்த வேம்பையும் சாய்த்தபோது, தென்னைக்கு அழுத அளவுக்கு வேம்புக்கு எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை, நான் உட்பட. இப்போது அண்ணன் மகள் கைப்பேசியைப் பார்த்து, குக்கரில் உப்பைப் பரப்பி மாம்பழ கேக் செய்கிறாள். நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். இந்தப் புத்தாண்டுக்கு அதன் மேல் ஒரு சிட்டிகை வறுத்த வேப்பம்பூ தூவச் சொல்லியிருக்கிறேன். முகத்தைச் சுளித்தாள், மாட்டேன் என்று சொல்லவில்லை.