சாஸ்தா கோயிலுக்குப் பகலில் போவோம்

பங்குனி உத்திரம் நெருங்கினால் சென்னையில் இருக்கும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாது. குலதெய்வமான சாஸ்தா கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடும் நாள் அது. ரயிலில் இத்தனை பேருக்கு இடம் கிடைக்காது என்று வேன் பேசிவிடுகிறோம். திருநெல்வேலி போய்ச் சேரவே 600 கிலோமீட்டருக்கு மேல்.

"ராத்திரி கிளம்பினால் விடியும்போது ஊரில் இருக்கலாம், ஒரு நாள் லீவு மிச்சம்" என்பார்கள் பிள்ளைகள். எனக்கு இதில் சம்மதமில்லை. முந்தின நாள் வேறு சவாரி முடித்துவந்த டிரைவருக்குப் பின்னிரவு 2 மணிக்கு மேல் கண் செருகத்தான் செய்யும். நாலுவழிச் சாலையில் அரை நிமிஷம் அசந்தால் போதும். பின்னால் மூன்று தலைமுறை தூங்கிக்கொண்டிருக்கிறது.

காலை டிபனை முடித்துக் கிளம்புங்கள். ஏறக்குறைய பாதி வழியான திருச்சியில் இரவு தங்குங்கள். மறுநாள் மதியம் திருநெல்வேலி. வயதானவர்களுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கிக் கால் நீட்டவும் வசதி.

இன்னொரு லாபமும் உண்டு. கோயிலில் பொங்கல், பூஜை, வரி கணக்கு என்று பொழுது போய்விடும். நின்று பேச நேரமிருக்காது. எந்தப் பெண்ணை எந்த ஊரில் கொடுத்தோம், எந்த இரண்டு வீடுகள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் பெரியவர்கள் வாயிலிருந்து வருவது வேனில்தான். அதற்கு எல்லோரும் விழித்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் வேன் பேசும்போதே டிரைவரிடமும் சொல்லிவிடுங்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.