வள்ளலின் கை மூடினால்?

2025 சனவரி 20. வாசிங்டனில் ஒரு கையெழுத்து! அயல்நாடுகளுக்கு அமெரிக்கா வழங்கிவந்த உதவிக்கு 90 நாள் நிறுத்தம். சூலை முதல் நாளன்று, அவ்வுதவியை நடத்திவந்த யுஎஸ்எய்ட் நிறுவனமே மூடப்பட்டது. உலகக் காசநோய் ஒழிப்புக்கு மிகுதியாகப் பொருளளித்த தனி நாடு அமெரிக்காதான்.

“ஐயகோ, வள்ளல் கைவிட்டாரே!” என்று அழுகிறார் சிலர். “அன்னியன் காசு ஒழிந்தது!” என்று ஆர்ப்பரிக்கிறார் வேறு சிலர். இருசாராரையும் சவ்வாது மலைக்கு அழைக்கிறோம்.

அங்கே, சாமை விதைத்து வாழும் பழங்குடித் தோழன் ஒருவன் இருமுகிறான் என்று கொள்வோம். அவன் சளியைச் சோதிக்க வேண்டும். நோய் உறுதியானால் 6 மாதம் விடாது மருந்துண்ண வேண்டும். இடையில் நின்றால், மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கும். கிருமிக்கு வாசிங்டனின் தேர்தல் தெரியுமா? தில்லியின் நிதியாண்டுதான் தெரியுமா?

அயலார் துணையை நாம் பழிக்கவில்லை. 1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் அமைந்தபோது, சென்னை அரசோடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கைகோத்தன. ஏழை தன் குடிசையிலிருந்தே மருந்துண்டாலும், மருத்துவமனைப் படுக்கையில் கிடைக்கும் அதே பலன் கிட்டும் என்று 1959-இல் மெய்ப்பித்தன. உலகம் அவ்வழி நடந்தது. அது கூட்டுறவு, கையேந்தல் அல்ல!

இன்று இந்தியாவில் காசநோய்க்கான செலவில் பெரும்பகுதி உள்நாட்டுப் பணமே. பின் கவலை ஏன் என்பீர். பயிற்சி, புதிய சோதனை முறை, நோயாளியைத் தேடிச் செல்லுதல் ஆகியவற்றுக்கு அயல்பணம் துணைநின்றது. நகரத்தான் மருத்துவமனைக்கு நடந்தே வருவான். மலைவாசியையோ மருத்துவம்தான் தேடிச்செல்ல வேண்டும். தொகை சிறிதாயினும், அது நின்றால் முதலில் அடிபடுவோன் கடைக்கோடியில் இருப்பவனே!

நோயாளியின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் 1000. வரவேற்கிறோம். ஆனால் நோயே கண்டறியப்படாதவனுக்கு அந்த ஆயிரம் எப்படிப் போய்ச் சேரும்? 2025-க்குள் காசத்தை ஒழிப்போம் என்று முழங்கிற்று தில்லி. ஆண்டு முடிந்தது, நோய் முடியவில்லை.

இளைஞர்களே! காசம் தலைவிதி அல்ல, கிருமி என்று 1882-இலேயே காட்டினார் ராபர்ட் காக். தலைவிதியை நம்ப மறுத்த நாம், வள்ளலின் தயவை மட்டும் நம்பலாமா? மலையேறித் தேடும் பணியாளருக்கும், சோதனைக் கருவிக்கும், தடையற்ற மருந்துக்கும் நமது வரவுசெலவுத் திட்டத்திலேயே நிலையான இடம் கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அயலார் துணை வந்தால் நன்றி சொல்வோம். வராவிட்டாலும் சவ்வாது மலைத் தோழனின் மருந்து ஒருநாளும் நிற்கலாகாது!