லீவு நாளுக்கும் கூலி வேண்டும்

கிழமைக்கு நான்கு நாள் வேலை என்ற பேச்சு வந்தால் எங்கள் கற்பிட்டிக் கருவாட்டு வாடியில் மீன் வெட்டும் பெண்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அங்கே கூலிக் கணக்கு எழுதுவது நான். வெள்ளிக்கிழமை வீட்டில் நிற்பவருக்கும் ஞாயிறு பூசைக்குப் போகிறவருக்கும் கொப்பியில் ஒரே கோடுதான். கோடு விழுந்தால் அன்றைக்குக் காசில்லை.

2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டால் அரச ஊழியருக்கு அரசாங்கம் வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்றது. சம்பளத்தில் கைவைக்கவில்லை. நல்ல காரியம். அந்த நாட்களில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் எங்கள் படகுகள் கரையில் கிடந்தன. மீன் வராத வாடியில் யாருக்குக் கூலி? கொப்பியில் பக்கம் பக்கமாகக் கோடு.

அதே ஜூனில்தான் பிரித்தானியாவில் 61 நிறுவனங்கள் நான்கு நாள் வேலையைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கின. ஆறு மாதம் முடிந்தபோது 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. சம்பளம் குறையக்கூடாது என்பதே அங்கே முதல் நிபந்தனை.

இங்கே கணக்கைப் பாருங்கள். 2025இல் திருத்திய சட்டப்படி இவ்வாண்டு, 2026 ஜனவரியிலிருந்து, குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபாய், மாதச் சம்பளம் 30,000. அந்த 30,000 கைக்கு வர நாட்கூலிக்காரர் 25 நாள் உழைக்க வேண்டும். கிழமைக்கு நான்கு நாளென்றால் நான்கு கிழமைக்கு 19,200தான்.

சம்பளத்துடன் ஓய்வு என்பது நமது சட்டத்துக்குப் புதிதல்ல. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரம்பு வைத்திருக்கிறது; 28 மணித்தியாலம் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் ஒன்றரை நாள் லீவும் தருகிறது. புத்தளம் டவுனில் புடவைக் கடையில் நிற்கும் பிள்ளை அதைக் கேட்டு வாங்கலாம். வாடி கடையுமில்லை, காரியாலயமுமில்லை.

மீன் நாள் பார்த்தா வருகிறது என்று சம்மாட்டிமார் கேட்பார்கள். வர வேண்டாம். லீவு எந்த நாளில் விழுந்தாலும் சரி, 28 மணித்தியாலம் உழைத்த கூலியாளுக்கும் அதற்குரிய காசைச் சட்டம் உறுதி செய்யட்டும். கூலிக் கொப்பியைத் தொழில் உத்தியோகத்தர் வந்து பார்க்கட்டும். அதைச் செய்துவிட்டு நான்கு நாளைப் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள். வாடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.