துள்ளி விழும் ஆட்டுக்குட்டி

2025-இல் ஒரு ரீல்ஸ் மூலம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊர் கூமாப்பட்டி. பிளவக்கல் அணையும் மலையடிவாரப் பசுமையும்தான் பலரும் பார்த்தவை. அந்தப் பசுமைக்கு ஆடு வளர்ப்பவர்கள் கொஞ்சம் பயப்படவும் வேண்டும்.

ஐப்பசி மழை விழுந்த சில நாட்களில் புது அருகு தளிர்விடும். கோடையெல்லாம் காய்ந்ததைக் கடித்த ஆடு வயிறு முட்ட மேயும். மறுநாள் காலையில் பட்டியிலேயே கொழுத்த குட்டி துள்ளி விழுந்து, கால்களை உதைத்துச் செத்துக் கிடக்கும். பாம்பு கடித்ததோ, யாராவது விஷம் வைத்தார்களோ என்று சந்தேகம் எழும். பல நேரம் காரணம் துள்ளுமாரி நோய்.

இதை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா, ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். திடீரென்று தளிர்ப்புல்லோ தானியமோ அதிகமாகப் போனால், செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்கும். பாக்டீரியா பெருகி, எப்சிலான் என்ற நஞ்சைச் சுரக்கும். அது முதலில் வீரியமில்லாமல்தான் வரும். ஆட்டின் செரிமான நொதியான டிரிப்சினே அதன் ஒரு துண்டை வெட்டி, வீரியமாக்கிவிடும். அதனால்தான் நன்றாகத் தின்னும் குட்டி முதலில் போகிறது.

ரத்தத்தில் கலந்த நஞ்சின் ஏழு மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து செல் சவ்வில் ஓட்டை போடும். உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறும். மூளையின் ரத்தக்குழாய்கள் கசிந்து மூளை வீங்கும். துள்ளலும் வலிப்பும் அதனால்தான். சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருளின் அளவும் உயரும். ஆபத்து வந்துவிட்டதென்று கல்லீரல், சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். செம்மறியின் சிறுநீரில் சர்க்கரை தெரிவது மருத்துவருக்கு நல்ல தடயம்.

மனிதரைத் தாக்கும் காலராவின் நஞ்சும் இதே தூதுப் பொருளைத்தான் குடல் செல்களில் கூட்டி, உடல் நீரை வெளியேற்றுகிறது. அப்படி ஒரு நஞ்சு இருப்பதை 1959-இல் நிரூபித்தவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே.

துள்ளுமாரி வந்தபின் சிகிச்சைக்கு நேரம் கிடைப்பதில்லை. தடுப்பூசிதான் வழி. 1932-இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதைத் தயாரிக்கிறது. மழைக்கு முன்பே ஊசி போட, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும். தளிர் மேய்ச்சலுக்கு முன் கொஞ்சம் காய்ந்த தீவனம் கொடுங்கள்.

திடீரென்று செத்த ஆட்டை அறுக்கவும் வேண்டாம், கறிக்கு விற்கவும் வேண்டாம். அது அடைப்பான் நோயாக இருந்தால் மனிதருக்கும் தொற்றும். முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.